மில்லிமீட்டரா, நூலா, அரை இன்ச்சா: அலமாரிக்கு அளவு எழுதும்போது எங்கே நிறுத்துவது?

நங்கநல்லூரில் எங்கள் ஃபிளாட்டின் இரண்டாவது படுக்கையறையில், இரண்டு சுவர்களுக்கு நடுவே அலமாரிக்கென்றே விட்ட இடம் ஒன்று இருக்கிறது. அதன் அகலம் எவ்வளவு? பில்டர் கொடுத்த பிளானில் 7 அடி 3 இன்ச். கார்பென்டர் அண்ணன் டேப்பை ஒரே இழுப்பாக இழுத்துப் பார்த்து, "ஏழடி ரெண்டரைமா" என்றார். பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற அப்பா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அளந்தார். 2193 என்று சுவரிலேயே பென்சிலால் எழுதினார். மி.மீ. என்று தனியாகப் போடவில்லை. அவருக்கு வேறு அலகே கிடையாது.

மூன்றையும் மில்லிமீட்டருக்கு மாற்றினால் 2210, 2197, 2193. யாரும் தப்பாகச் சொல்லவில்லை. தன் வேலைக்கு இது போதும் என்று தோன்றிய இடத்தில் ஒவ்வொருவரும் நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஆனால் அலமாரி செய்கிற ஃபேக்டரிக்கு நான் அனுப்ப வேண்டிய படிவத்தில் 'அகலம்' என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது. அதில் எந்த எண்ணை எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன்.

ஒரு எண்ணுக்கு மூன்று நாளா என்று கேட்பீர்கள். சூடு பட்ட பூனை நான். போன வருஷம் முதல் அறைக்கு இதே மாதிரி ஓர் அலமாரி ஆர்டர் கொடுத்தேன். வீட்டில் இருந்த தையல் டேப்பை வைத்து அளந்ததில் ஐந்தடி பதினொன்றரை வந்தது. கணக்குப் போட்டால் 1816.1 மி.மீ. அந்தப் புள்ளி ஒன்றைப் பார்த்ததும் பெரிய மனசு பண்ணி 1815 என்று எழுதினேன். 5-இல் முடிந்தால் பார்க்க லட்சணமாக இருக்கிறதே! செய்து கொடுத்தவர்களும் நேரில் வந்து அளக்கவில்லை, வாட்ஸ்அப்பில் போன எண்ணை அப்படியே மெஷினில் போட்டுவிட்டார்கள். பெட்டி வந்தது. அச்சாக 1815. அடிப்பாகம் சறுக்கிக்கொண்டு உள்ளே போனது, இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டது. சுவர்ப் பூச்சு அந்த இடத்தில் தொப்பை போட்டிருந்தது. அங்கே அகலம் 1809தான். மாட்ட வந்த இரண்டு பையன்களும் உளியை எடுத்து இரண்டு மணி நேரம் பூச்சைக் கொத்தினார்கள். மெத்தையில் விழுந்த சிமென்ட் தூசியை உதறி முடிக்க ஒரு வாரம் ஆனது.

நான் ஒரு மில்லிமீட்டரை எந்தப் பக்கம் தள்ளுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சுவர் ஆறு மில்லிமீட்டரைத் தின்றுவிட்டு உட்கார்ந்திருந்தது. அதனால் இந்தத் தடவை ஒவ்வொரு வழியையும் தனித்தனியாகப் பார்த்துவிட்டுத்தான் கட்டத்தை நிரப்புவது என்று முடிவு செய்தேன்.

அப்பாவின் கட்சி: மில்லிமீட்டர் வரைக்கும்

இதற்கு ஆதரவாகப் பேச நிறைய இருக்கிறது. பின்னம் கிடையாது, 'ரெண்டே முக்காலே அரை' என்கிற குழப்பம் கிடையாது. ஃபேக்டரி மெஷின் மில்லிமீட்டரில்தான் அறுக்கிறது; கீல், டிராயர் சேனல் எல்லாவற்றின் அளவும் மில்லிமீட்டரில்தான் வருகிறது. நாட்டுக்கே மெட்ரிக் முறையைக் கொண்டுவந்த சட்டம் 1956-இல் வந்தது. நாம்தான் இன்னமும் மனை என்றால் கிரவுண்ட், உயரம் என்றால் அடி என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் அந்தக் கடைசி இலக்கத்தை எவ்வளவு நம்பலாம்? ஸ்டீல் டேப்பின் முனையில் ரோமன் எண்ணில் இரண்டு என்று ஒரு சின்ன முத்திரை இருந்தால் அது இரண்டாம் வகுப்பு டேப். அப்படிப்பட்ட 5 மீட்டர் டேப், முழு நீளத்துக்கு 1.3 மி.மீ. கூடவோ குறையவோ காட்டலாம் என்று தரவிதியே இடம் கொடுக்கிறது. அப்புறம் வெயில். டேப்பை 20 டிகிரிக்கு என்று வைத்துத்தான் கோடு போடுகிறார்கள். சென்னையில் மே மாதம் மொட்டைமாடியில் 40 டிகிரியில் நின்று அளந்தால், 5 மீட்டர் எஃகு 1.2 மி.மீ. அளவுக்கு நீண்டிருக்கும். இதற்கு மேல், டேப்பின் மூக்கு லேசாக ஆடும். அது பழுது என்று நினைத்து எங்கள் வீட்டில் ஒருவர் சுத்தியலால் தட்டி இறுக்கியிருக்கிறார் (நான்தான்). மூக்குத் தகட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு ஆட வேண்டும் என்றுதான் அதைச் செய்திருக்கிறார்கள்: வெளிப்பக்கம் மாட்டி இழுத்தாலும், உள்பக்கம் முட்டி அழுத்தினாலும் ஒரே அளவு வருவதற்காக. மூலையில் டேப்பை வளைத்துப் படிக்கும்போது 2 மி.மீ. போகிற போக்கில் போய்விடும். லேசர் மீட்டர் வாங்கலாமே என்றால், வீட்டு உபயோகத்துக்கு விற்கிற சாதாரண மீட்டரின் பெட்டியிலேயே 2 அல்லது 3 மி.மீ. முன்னே பின்னே இருக்கும் என்று போட்டிருக்கிறது. திரையில் என்னவோ மில்லிமீட்டர் வரை பளிச்சென்றுதான் தெரியும்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "அளக்கத் தெரியாதவன் டேப்பைக் குறை சொல்வான்" என்றார். ஆனால் அவரே இன்னொரு நாள் சொன்ன விஷயம்தான் எனக்கு உதவியது. நம்முடைய அகல ரயில் பாதை 5 அடி 6 இன்ச். ஒரு இன்ச் சரியாக 25.4 மி.மீ. என்பதால் அது 1676.4 மி.மீ. ஆகிறது. ரயில்வேயில் எழுதுவது 1676. மெட்ரோ ஓடுகிற பாதை 4 அடி எட்டரை இன்ச், அதாவது 1435.1, எழுதுவது 1435. "புள்ளி நாலு எங்கே போச்சு அப்பா?" என்றேன். "தண்டவாளத்துக்கு அதைவிட அதிகமாகவே விளையாட்டு விட்டிருக்கோம்" என்றார். விளையாட்டு என்பது அவர் பேச்சில் இரண்டு பாகங்களுக்கு நடுவில் வேண்டுமென்றே விடுகிற இடைவெளி. அந்த வார்த்தையை நான் பிடித்துவைத்துக்கொண்டேன்.

எங்கள் மொட்டைமாடியில் நின்றால் பரங்கிமலை தெரியும். அதன் பக்கத்தில்தான் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி பிரிட்டிஷ் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் தன் அடிக்கோட்டை, அதாவது மற்ற எல்லா அளவுக்கும் அடிப்படையான முதல் கோட்டை, அளக்க ஆரம்பித்தார். ஏழரை மைல் தூரம், 100 அடி எஃகுச் சங்கிலி. சங்கிலி தொய்யாமல் இருக்க அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, பக்கத்தில் வெப்பமானி வைத்து, வெயிலுக்கு அது எவ்வளவு நீளுகிறது என்று கணக்கில் சேர்த்துச் சேர்த்து அளந்ததில் 57 நாள் ஆகியிருக்கிறது. நம் ஊர் சித்திரை வெயிலில்! எதற்கு இந்தப் பாடு? அந்த ஒரு கோட்டின் மேல்தான் பின்னால் முக்கோணம் முக்கோணமாக நாடு முழுக்க அளந்துகொண்டு போனார்கள். அடிக்கோட்டில் ஓர் அடி தப்பினால் அந்தத் தப்பு வடக்கே போகப்போகப் பெருகும். என் அலமாரியின் மேல் யாரும் இமயமலை வரை எதையும் கட்டப்போவதில்லை. அதற்கு 57 நாள் வேண்டாம். ஆனால் அலமாரிக்குள்ளும் ஒரு சின்ன அடிக்கோடு இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கார்பென்டர் அண்ணனின் கட்சி: நூல்

ஒரு இன்ச்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நூல். மில்லிமீட்டரில் 3.175. தமிழ்நாட்டில் மரவேலை, கம்பி வேலை இரண்டும் இதில்தான் பேசுகின்றன. அழகான அலகு, உண்மையாகவே சொல்கிறேன். வட்ட ரம்பத்தின் பிளேடு அறுக்கும்போது தின்கிற மரம் ஏறத்தாழ 3 மி.மீ.; அதாவது ஒரு நூல். கோட்டுக்கு இந்தப் பக்கம் அறுப்பதா, அந்தப் பக்கம் அறுப்பதா என்பதே ஒரு நூல் வித்தியாசம். கையால் வேலை செய்கிறவருக்கு அதைவிடச் சின்ன அலகு எதற்கு?

அண்ணன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் வேறொன்று புரிந்தது. பால்கனிப் பக்கம் ஒரு ஷெல்ஃப் போட வந்தவர், டேப்பை எடுக்கவே இல்லை. சுவரின் அகலத்தில் முக்கால்வாசி நீளமுள்ள இரண்டு ரீப்பர் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பிடித்தார். ஒன்றை இடது சுவரில் முட்டவைத்தார். மற்றதை நகர்த்தி வலது சுவரில் முட்டவைத்தார். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்த இடத்தில் குறுக்கே ஒரு பென்சில் கோடு. கீழே இறக்கி, பலகையின் மேல் அதே கோட்டுக்குக் கோடு பொருத்திவைத்து, இரண்டு முனையிலும் குறி போட்டு அறுத்தார். எண் என்று ஒன்று வரவே இல்லை. அடி, நூல், மில்லி எதுவும் இல்லை. பலகை சுவரில் உட்கார்ந்த விதத்தைப் பார்த்து அப்பாவே ஒன்றும் சொல்லவில்லை. எண்ணே இல்லாத இடத்தில் எதை முழுசாக்குவது?

ஆக, அவர் "ஏழடி ரெண்டரை" என்று சொன்னது பலகை எத்தனை வேண்டும் என்று மதிப்பிட. அறுக்க இல்லை. அறுக்கும்போது அவர் சுவரைத்தான் கேட்பார். அந்த எண்ணை நான் எடுத்துக்கொண்டு போய் ஃபேக்டரியில் கொடுத்தால் தப்பு என்மேல். 2197 மி.மீ. பெட்டி இந்த இடத்தில் எந்த உயரத்திலும் நுழையாது.

இன்ச்சிலும் நூலிலும் இன்னொரு சிக்கல், அவை இப்போது பாதி அளவு, பாதி பெயர். 'முக்கால் இன்ச் பிளைவுட்' என்று கேட்டு வாங்குவது 18 மி.மீ.; உண்மையான முக்கால் இன்ச் 19.05. ஒரு பலகையில் ஒரு மில்லி, போனால் போகட்டும். ஐந்து நிற்கும் பலகை உள்ள அலமாரியில் ஐந்து மில்லி சேர்ந்துவிடும். 'மூணு நூல் கம்பி' என்றால் கடையில் கொடுப்பது 10 மி.மீ., கணக்குப்படி 9.5தான் வர வேண்டும். 'எட்டுக்கு நாலு' ஷீட் 2440-க்கு 1220. இதில் நமக்கு ஒரு மில்லி, ஒன்றரை மில்லி லாபம்.

ரொம்பவும் அடிவாங்குவது டைல்ஸில். 'ரெண்டடி டைல்' என்று எல்லாரும் சொல்வது 600 மி.மீ. டைலை. இரண்டடி என்றால் 609.6. 20 அடி நீள ஹாலுக்குப் பத்து டைல் சரியாகப் போதும் என்று வாய்க்கணக்குப் போட்டால், ஹால் 6096 மி.மீ.; பத்து டைலும் நடுவில் 2 மில்லி வீதம் ஒன்பது ஜாயின்ட்டும் சேர்த்து 6018. மிச்சம் 78 மி.மீ., மூன்று இன்ச்சுக்கு மேல். ஒரு ஓரத்தில் மூன்று விரல் அகலத்துக்கு ஒல்லியாக ஒரு துண்டு ஓடும். சென்னை ஹால்களில் சோபாவுக்குப் பின்னால் அந்தத் துண்டு ஒளிந்திருப்பதை இனிமேல் கவனித்துப் பாருங்கள்.

நடுவில் ஒரு வழி: ஐந்தின் மடங்கு

ஃபேக்டரி ஆர்டருக்கு நான் கடைசியில் தேர்ந்தெடுத்தது இதை. ஆனால் போன வருஷமும் 5-இல் முடிகிற எண்ணைத்தானே எழுதினேன்? அப்போது செய்த தப்பு 5 மில்லிமீட்டரில் முழுசாக்கியது அல்ல. ஒரே இடத்தில் அளந்தேன். அளந்ததைக் கிட்டத்து எண்ணுக்குத் தள்ளினேன். எந்த இடைவெளியும் விடவில்லை.

பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்தது 'கிட்டத்து எண்'. 5-க்குக் கீழே என்றால் விட்டுவிடு, மேலே என்றால் ஒன்று கூட்டு. இந்தியத் தரநிலைகளில் இரண்டாம் எண்ணே இதற்குத்தான்: 1960-இல் வந்த ஐ.எஸ். 2, எண்களை முழுசாக்கும் விதிகள். சரியாகப் பாதியில் நின்றால் இரட்டைப்படை எண்ணுக்குப் போ என்கிறது அது. எப்போதும் மேலே தள்ளிக்கொண்டே இருந்தால் கூட்டல் கூடிப்போகும் என்பதால் அப்படி ஒரு நியாயம். ஆய்வுக்கூடத்துக்கு அது சரி. குழிக்குள் பெட்டியை நுழைக்கிறவளுக்கு உதவாது. குழிக்குள் போவது எதுவானாலும் கீழே தள்ள வேண்டும். 2189 அளந்திருந்தால் கிட்டத்து ஐந்து 2190, அது நுழையாது. 2185 நுழையும். மறுபக்கம், எதையாவது மூட வேண்டிய பொருள் என்றால் மேலேதான் தள்ள வேண்டும்: திரைச்சீலை, கொசுவலை, மேசை விரிப்பு. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, ஃபிட்டிங்கில் ஓட்டைக்கும் தண்டுக்கும் தனித்தனி விதி என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார். சாரம் இதேதான்.

அந்த இடத்தை ஒன்பது இடத்தில் அளந்தோம். கீழே, நடுவில், மேலே. ஒவ்வொன்றிலும் முன்னால், மத்தியில், பின்னால். கீழே 2193, மேலே 2196, நடுவில் ஓர் இடத்தில் 2189. ஒன்பதையும் மில்லிமீட்டரில் அப்படியே எழுதிக்கொண்டேன். அளந்ததைக் குறித்து வைக்கும்போது எதையும் முழுசாக்குவதில்லை. முழுசாக்குவது கடைசியில் ஒரே ஒரு தடவை. இடையிலேயே முழுசாக்கிவிட்டு அதில் கழித்து, வகுத்து, மறுபடியும் முழுசாக்கினால் எங்கே என்ன போனது என்று கண்டுபிடிக்க முடியாது.

வகுத்தல் என்று சொன்னேனே, மேலே சொன்ன சின்ன அடிக்கோடு அதுதான். 2193-ஐ நாலு கதவுக்குப் பிரித்தால் ஒரு கதவு 548.25. ஒவ்வொன்றையும் 550 என்று எழுதினால் நாலும் சேர்ந்து 2200 ஆகி, சுவரை 7 மில்லி தாண்டிவிடும். ஒவ்வொன்றையும் 545 என்று குறைத்தால் 13 மில்லி ஓட்டை. ஒரு துண்டில் அற்பமாகத் தெரிகிற தப்பு நாலு துண்டில் நாலு மடங்கு. அதனால் முதலில் மொத்த அளவை முழுசாக்கி நிறுத்திவிட்டு, உள்ளே இருக்கிற கதவு, டிராயர் கணக்கையெல்லாம் ஃபேக்டரியின் மில்லிமீட்டருக்கே விட்டுவிடுவதுதான் நல்லது.

கட்டத்தில் நான் எழுதிய எண் 2165. மிகக் குறைந்த 2189-இலிருந்து 24 கழித்தது, பக்கத்துக்குப் பன்னிரண்டு. அந்த இடைவெளியை மூட இரண்டு பக்கமும் ஃபில்லர் பட்டை. பட்டையைக் கொஞ்சம் அகலமாகக் கொண்டுவந்து, சுவரின் வளைவுக்குத் தக்கபடி இங்கேயே சீவிப் பொருத்துவது. பன்னிரண்டு மில்லி விளையாட்டு இருக்கும்போது என் டேப் 1 மில்லி பொய் சொன்னாலும் கவலையில்லை. இந்த வழியின் குறை என்றால், இருபத்துச்சொச்சம் மில்லி இடம் வீணாகிறது, பட்டை ஒட்டுவது கொஞ்சம் கண்ணுக்குத் தெரியும். ஏழடியில் ஓர் இன்ச். ஒரு புடவை மடிப்புக்குக்கூட ஆகாது.

மில்லிமீட்டரிலேயே நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு

டஃபன்டு கண்ணாடி. குளியலறைத் தடுப்புக்குப் போடுகிறார்களே, அது. சூடுபடுத்திச் சட்டென்று குளிரவைத்த பிறகு அதை அறுக்க முடியாது, துளை போட முடியாது. ஓரத்தைக் கொஞ்சம் தேய்க்கலாம் என்று பார்த்தாலும் கலகலவென்று மொத்தமாக உதிர்ந்துவிடும். முன்கூட்டியே அளவுக்கு அறுத்துத்தான் பதப்படுத்துகிறார்கள். அதனால் அங்கே ஐந்தின் மடங்கும் கிடையாது, நூலும் கிடையாது. தூக்குக்குண்டு விட்டு, சுவர் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்து, மில்லிமீட்டரில் எழுதி, எவ்வளவு இடைவெளி கழிப்பது என்பதைக் கண்ணாடி போடுகிறவரையே நேரில் வரச்சொல்லித் தீர்மானிக்கவிட வேண்டும். சாதாரணக் கண்ணாடிக்குப் பில் போடும்போது பல கடைகளில் அளவை மேலே தள்ளி முழுசாக்குவார்கள். எத்தனை இன்ச்சுக்கு முழுசாக்குவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பிறகு சண்டை வேண்டாம்.

நான் கடைசியில் வைத்துக்கொண்ட கேள்வி இதுதான்: வந்து சேர்ந்த பிறகு இதைச் சீவ முடியுமா? சீவவே முடியாது என்றால் மில்லி. ஃபேக்டரியில் செய்து வருகிறது, ஓரத்தில் பட்டை போட்டுச் சமாளிக்கலாம் என்றால் 5 மில்லி, கீழ்நோக்கி. வீட்டிலேயே நின்று அறுத்துப் பொருத்துகிறார் என்றால் நூல் போதும், ரீப்பர் கட்டை இன்னும் மேல்.

மரக்கதவுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. கோடையில் அளந்து சிக்கென்று பொருத்தினால் வடகிழக்குப் பருவமழையில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பிக்கொள்ளும். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் அண்ணன் கூடுதலாக ஒரு நூல் விட்டார். "ஐப்பசிக்குன்னு ஒரு நூல் விடணும்மா. இல்லாட்டி தீபாவளிக்குக் கதவு தொறக்காது." எந்த அளவுப் பட்டியலிலும் மாதத்தின் பெயரை நான் பார்த்ததில்லை.

அரை இன்ச், ஒரு சென்டி, அதற்கும் மேலே

துணிக்கு இது தாராளம். திரைச்சீலைக்கு ஜன்னல் அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி எடுக்கிறோம், அதில் மில்லிமீட்டரைத் தேடினால் தையல்காரர் சிரிப்பார். உயரத்தில் மட்டும் ஒரு சென்டி கவனிக்கலாம், தரையில் புரண்டால் அழுக்கு. மெத்தை நசுங்கும். ஃபிரிட்ஜுக்குச் சுற்றிலும் காற்றுக்கு இடம் விடச்சொல்லி அதன் புத்தகத்திலேயே இருக்கிறது, அதை விட்டால் போதும். பூக்காரம்மா முழம் போடுவது இந்த வரிசையின் கடைசிப் படி: 24 விரல் ஒரு முழம் என்று கணக்கு இருந்தாலும் அவர் கை எவ்வளவோ அவ்வளவு. பேரம் முடிந்ததும் ஒரு கண்ணி கூடக் கிள்ளிப்போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

அடிக்கணக்கில் முழுசாக்குவது நீளத்தில் ஏமாற்றாது, பரப்பில் ஏமாற்றும். 10 அடி 4 இன்ச்சுக்கு 11 அடி 8 இன்ச் அறை 120.6 சதுர அடி. "பத்தரைக்குப் பன்னெண்டுன்னு வெச்சிக்கலாம்" என்று யாராவது சொன்னால் அது 126. இரண்டு பக்கத்திலும் விரல்விரலாகத் தள்ளியது ஐந்தரை சதுர அடியாக வந்து நிற்கும். சதுர அடி 150 ரூபாய் என்று வைத்தால் ஓர் அறைக்கு 800 ரூபாய்க்கு மேல். காசு சம்பந்தப்பட்ட இடத்தில் இன்ச்சோடு பெருக்கி, விடையை மட்டும் முழுசாக்கச் சொல்லுங்கள்.

போன வாரம் அலமாரி வந்தது. 2165. இரண்டு பையன்கள் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார்கள், உளி பைக்குள்ளேயே இருந்தது. அப்பாவின் பென்சில் 2193 இப்போது அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. மறுநாள் ஃபில்லர் ஒட்ட கார்பென்டர் அண்ணன் வந்தார்.

"கேப் எவ்ளோமா?"

"பன்னெண்டு மில்லி அண்ணே. கீழே பதினாலு, மேலே பதினஞ்சு."

"அரை இன்ச்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, பட்டையை முக்கால் இன்ச்சுக்கு அறுத்தார். சுவரில் சாய்த்துவைத்து, கண்ணை இடுக்கிப் பார்த்து, சுவரை ஒட்டி மேலிருந்து கீழ் வரை பென்சிலை ஓட்டினார். அப்புறம் இழைப்புளியை எடுத்தார்.